மணலில் கால்பொறி ஆடுது, வழி சொல்லுங்க

தென்னாப்பிரிக்காவுல டோங்காட் பக்கம் கரும்புக்காட்டு ஓரம், ஆட்டுப்பட்டிக்கு வர்ற நரிக்குக் கால்பொறி (மிதிச்சா காலைக் கவ்வுற பொறி) வச்சிருக்கேன். மண் பொலபொலன்னு மணல். பொறியோட ஸ்பிரிங் கைக்கு அடியில மணலைக் குத்தி இறுக்கினாலும் ஒரு மூலையை அழுத்தினா மறுமூலை தூக்குது. ஆடுற பொறியை நரி தோண்டிப் புரட்டிடும்.

மிதிதட்டுக்கு (நரி மிதிச்சா பொறியை விடுற தட்டு) அடியில மணல் ஒழுகி அடைக்காம இருக்க ஸ்பாஞ்ச் வச்சாச்சு. மழையில ஊறி, மணலும் சேர்ந்து கெட்டிப்பட்டு, தட்டு இறங்கவே மாட்டேங்குது. அதுக்குப் பதிலா மெல்லிய கம்பிவலையை மேல விரிச்சு, அரை விரக்கடை சலிச்ச மணல் தூவினாப் போதுமா? தட்டு இறுக்கம், அதாவது தட்டு இறங்க வேண்டிய அழுத்தம், ஒன்றரை கிலோ. குறைச்சா கீரி மாட்டும், அதனால அதைத் தொடுறதா இல்ல.

பொறியைக் கட்டி வைக்கிற முளை 45 செ.மீ. கம்பி, கையாலயே உருவி வருது! 75 செ.மீ. ரெண்டைக் குறுக்கா அடிக்கிறதா, கேபிள் நங்கூரமா (கேபிள் நுனியில மண்ணுக்குள்ள அடிச்சு இறக்குற நங்கூரம்)? மணல்ல வச்சுப் பழகினவங்க சொல்லுங்கண்ணே.