மறு: கிளிப் ஹேங்கர் ஸ்பிரிங்கிற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இழையை முதலிலிருந்து படித்துவிட்டு எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி கேட்டது இதுதான்: பேண்ட்டும் பாவாடையும் மாட்டுகிற கிளிப் ஹேங்கரில் ஸ்பிரிங்கை மேம்படுத்தி ஒரு வடிவமைப்பு செய்திருக்கிறார். அறிக்கையைத் தமிழில் எழுத ஆசைப்படுகிறார். அந்த ஸ்பிரிங்கிற்கு ஒரு சொல் வேண்டும். இப்படி ஆசைப்படுகிறவருக்கு நாம் அவசரப்பட்டு ஒரு சொல்லைக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது.

> பாடநூலிலேயே சுருள்வில் இருக்கிறதே. புதிதாக எதற்கு?

சுருள்வில் நல்ல சொல். சுருள்வில் தராசு என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம், பேனாவுக்குள் இருப்பதற்கும் அது பொருந்தும். ஆனால் ஐயா, தயவுசெய்து ஒரு கிளிப் ஹேங்கரைக் கையில் எடுத்துப் பாருங்கள். திருப்பூரில் ஏற்றுமதிக்கு ஹேங்கர் பேக்கிங் போகும் குழந்தைகள் செட்டில் வருமே, அந்த வகை. கிளிப்பில் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். ஒன்று ஹேங்கரின் தண்டோடு சேர்ந்தது, மற்றொன்று அசைவது. நடுவில் இரண்டும் முட்டிக்கொள்ளும் மேடுதான் ஆதாரப்புள்ளி. மேலே விரலால் அமுக்கும் பிடிகள், கீழே துணியைக் கவ்வும் தாடைகள். இவற்றை இறுக்கிப் பிடித்திருப்பது ஒரே ஒரு எஃகுப் பட்டை. பிடிகளுக்கு நடுவில் அதன் வளைவு உட்கார்ந்திருக்கும். வளைவிலிருந்து இரண்டு கைகள் இறங்கி, தாடைகளை வெளிப்பக்கத்திலிருந்து அணைத்து அழுத்தும். பிடியை அமுக்கினால் தாடை திறக்கும், கைகள் விரியும். விட்டால் கைகள் பழைய இடத்துக்கு வரும். இதில் சுருள் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது. இதைச் சுருள்வில் என்று எழுதினால், படிப்பவர் மனதில் பேனா ஸ்பிரிங்தான் வரும். அப்புறம் தம்பி வரைந்த படமும் எழுதிய வரியும் ஒன்றோடொன்று ஒட்டாது.

சுருள் என்பது ஸ்பிரிங்கின் ஒரு வடிவம். ஸ்பிரிங்கின் தன்மை வேறு: விசை கொடுத்தால் வளையும், விசையை எடுத்தால் மீளும். அந்தத் தன்மைக்கு நம்மிடம் இருக்கும் சொல் வில். அம்பு விடுகிற வில்லே ஒரு ஸ்பிரிங்தான். நாணை இழுக்கும்போது மரம் சேர்த்து வைக்கும் ஆற்றலைத்தான் அம்பு எடுத்துக்கொண்டு போகிறது. இது நாம் இன்று கண்டுபிடித்த பொருத்தமும் இல்லை. வில்வண்டி என்ற பெயரை நினைத்துப் பாருங்கள். பெரிய வீட்டுக்காரர்கள் போய்வர வைத்திருந்த அந்த மாட்டு வண்டியில் கூண்டுக்கும் அச்சுக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். குலுக்கலைத் தாங்குவது அந்தப் பட்டைகள்தான். அதைச் செய்தவர்களும் ஓட்டியவர்களும் அதற்கு வில் என்று பெயர் வைத்தார்கள். எந்தக் குழுவும் கூடிப் பேசி வைத்த பெயர் இல்லை. சுருளே இல்லாத பட்டை ஸ்பிரிங்கிற்கு வில் என்ற சொல் நம் ஊர்த் தெருவிலேயே ஓடியிருக்கிறது. இலங்கைப் பாடநூல்களிலும் ஸ்பிரிங் வெறும் வில்தான், சுருள்வில் தராசு அங்கே விற்றராசு (வில் + தராசு).

ஆகவே என் நிலைப்பாடு இது: இனத்துக்கு வில் என்று பெயர். சுருள்வில் அதில் ஒரு வகை. நமக்கு வேண்டியது இன்னொரு வகைக்கான பெயர்.

> துணி காயப்போடும் மரக்கிளிப்பில் கம்பி சுற்றித்தானே இருக்கிறது? அதுவும் இதுவும் ஒரே வேலை செய்கின்றன, ஒரே பெயர் வைத்தால் என்ன?

நல்ல கேள்வி. மரக்கிளிப்பின் வரலாறே இங்கே உதவும். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த டேவிட் ஸ்மித் 1853இல் ஸ்பிரிங் வைத்த துணிக்கிளிப்புக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு மரத்துண்டுகள், இரண்டு நெம்புகோல்கள் மாதிரி. 1887இல் அதே மாநிலத்தின் சோலன் மூர் அதைத் திருத்தினார். ஒரே கம்பியைச் சுற்றி, அந்தச் சுற்றையே ஆதாரப்புள்ளியாக்கி, கம்பியின் இரு முனைகளையும் மரத்தின் மேல் மடித்துவிட்டார். இன்று நம் கொடியில் தொங்கும் மரக்கிளிப்பு ஏறத்தாழ அந்த அமைப்புதான். அங்கே கம்பிச் சுற்று இரண்டு வேலை பார்க்கிறது: விசை தருகிறது, ஆதாரமாகவும் நிற்கிறது. ஹேங்கர் கிளிப்பில் ஆதாரம் பிளாஸ்டிக் மேட்டில் இருக்கிறது, வில் விசையை மட்டும் தருகிறது. வேலைப் பங்கீடே வேறு என்பதால் பெயரும் வேறாக இருப்பது நல்லது. மரக்கிளிப்பில் உள்ளதை முறுக்குவில் என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். அது எனக்குச் சம்மதம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பொறியியல் படித்த யாராவது நாளை எதிர்ப்பார்கள். முறுக்குவில்லின் கைகளை நாம் முறுக்குகிறோம், ஆனால் உள்ளே கம்பி வளைகிறது. அதற்கு நேர்மாறாக, அமுக்கும் சுருள்வில்லை நாம் நேராக அமுக்குகிறோம், உள்ளே கம்பி முறுக்கப்படுகிறது. உள்ளே நடப்பதை வைத்துப் பெயர் வைத்தால் இரண்டின் பெயரும் இடம் மாறிவிடும். என் கருத்தில் வில்லுக்குப் பெயர் வைக்கும்போது கண்ணுக்குத் தெரியும் வடிவத்தையோ கை உணரும் செயலையோ பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் தகைவு (விசையால் பொருளுக்குள் எழும் அழுத்தம்) கணக்குப் போடுகிறவருக்கு, பெயர் எல்லோருக்கும்.

சரி, வடிவத்துக்கு வருவோம். குழுவில் இதுவரை வந்த பரிந்துரைகள் பட்டைவில், தகட்டுவில், கவைவில், அணைவில். கடைசியில் நான் சேர்ப்பது லாடவில்.

பட்டைவில், தகட்டுவில் இரண்டும் தவறில்லை. ஆனால் லாரியின் அடியில் இருப்பதும் பட்டைதான். அதைப் பட்டைவில் என்று விட்டுவிட்டால் வில்வண்டிக்கும் லாரிக்கும் சரியாக இருக்கும். அணைவில் அழகான சொல், எழுதிய அக்காவுக்கு அந்தக் கைகள் தாடையை அணைப்பது நன்றாகவே கண்ணில் பட்டிருக்கிறது. ஒரே குறை, அணை என்றதும் பலருக்கு நீரைத் தடுக்கும் அணையோ விளக்கை அணைப்பதோ முந்திக்கொள்ளும்.

கவைவில்லைத்தான் நெடுநேரம் யோசித்தேன். கவை என்றால் இரண்டாகப் பிரிந்த கிளை, வடிவத்துக்கு மிகச் சரி. ஆனால் கவையோடு வில்லைச் சேர்த்தவுடன் நம் ஊரில் யாருக்கும் நினைவு வருவது கவட்டை, உண்டிவில். பையன்கள் மாங்காய் அடிக்கிற சங்கதி. அதோடு கிளிப்புக்குக் கவ்வி என்று நாம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம். 'கவ்வியின் கவைவில்' என்று ஒரு பத்தியில் நான்கு முறை வந்தால் வாய் தடுக்கும்.

லாடம் எல்லோருக்கும் தெரியும். அறிவியல் பாடத்தில் லாடக் காந்தம் படிக்காதவர் யார்? ஒரு வளைவு, இரண்டு கைகள், திறந்த வாய். ஹேங்கர் ஸ்பிரிங்கைத் தனியே கழற்றி மேசையில் வைத்தால் அந்தக் காந்தத்தின் வடிவம்தான். லகரம் மொழிக்கு முதலில் வராது என்று ஒருவர் சொல்லக்கூடும். வேண்டுமானால் இலாடவில் என்று எழுதிக்கொள்ளட்டும், பொருள் மாறாது. மரம், வேர் சேர்ந்து மரவேர் ஆவது போல லாடமும் வில்லும் லாடவில்; ஒட்டும் இடத்தில் சிக்கலே இல்லை.

சொற்கள் ஒட்டும் புணர்ச்சி பற்றி ஒரு வார்த்தை. வில்லை எப்போதும் கூட்டுச்சொல்லின் கடைசியில் வையுங்கள். முன்னால் வைத்தால் விற்றராசு மாதிரி உருமாறி, புதிதாகப் படிப்பவர் தடுமாறுவார். பன்மைக்கு விற்கள் என்று எழுதினால் கண் அதை விற்க என்று படித்துவிடுகிறது. இரண்டு லாடவில், நான்கு லாடவில் என்று ஒருமையிலேயே எண்ணிக்கையோடு சொல்வது தமிழுக்கு இயல்புதான்.

இனி தம்பியின் மேம்பாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அதற்கும் சொற்கள் வேண்டும். சாதாரண லாடவில்லுக்கு இரண்டு நோய்கள் உண்டு.

ஒன்று, கழன்றுவிடுவது. தாடை அகலத் திறக்கும்போது அதன் வெளிமுகம் சாய்கிறது. சாய்ந்த முகத்தில் அழுத்தும் கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வழுக்கும். பலமுறை திறந்து மூடியபின் ஒரு நாள் வில் தெறித்துப் போகும். குழந்தை உடுப்பில் இது விளையாட்டில்லை. தரையில் கிடக்கும் சின்ன எஃகுத் துண்டு குழந்தையின் வாய்க்குப் போகலாம். தம்பி செய்திருப்பது, கையின் முனைக்கு அருகில் பட்டையிலேயே மூன்று பக்கம் வெட்டி, ஒரு சிறு துண்டை உட்பக்கமாக நிமிர்த்துவது. வில்லைச் செருகும்போது அது மடங்கி வழிவிடும். உள்ளே போனதும் பிளாஸ்டிக்கில் இருக்கும் படியில் எகிறி நின்றுகொள்ளும், திரும்பி வராது. அந்தத் துண்டை முனையருகில் வைத்தது சரியான முடிவு. வளைவுக்குப் பக்கத்தில் வெட்டியிருந்தால் தகைவு அதிகமாக இருக்கும் இடத்திலேயே விரிசலுக்கு வாசல் திறந்த மாதிரி ஆகியிருக்கும். இதற்கு நாக்கு என்பது என் பரிந்துரை. தச்சு வேலையில் பள்ளத்துக்குள் போய் உட்காரும் பகுதியை நாக்கு என்றுதான் சொல்கிறார்கள். கொண்டி என்று ஒருவர் எழுதியிருந்தார். கதவுக் கொண்டியும் தடுக்கிறதுதான், ஆனால் அது தனியாக ஆடும் பகுதி, கையால் எடுத்துவிடலாம். இது பட்டையிலிருந்தே பிறந்தது, கையால் எடுக்க வராது.

இரண்டாவது நோய், தாடை துணியைப் பிடிக்கும் இறுக்கத்தின் அளவு. மெல்லிய பாவாடை நழுவுகிறது, ஜீன்ஸ் இடுப்பில் தழும்பு விழுகிறது. காரணம் எளிது. ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதிப்படி விசை விரிவுக்கு நேர்விகிதம். ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். தாடை மூடியிருக்கும்போதே வில் 2 மில்லிமீட்டர் விரிந்த நிலையில் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் தடித்த துணியை வைத்தால் விரிவு 5 ஆகிறது, விசை இரண்டரை மடங்கு. இப்போது விறைப்பு (ஒரு மில்லிமீட்டர் விரிக்கத் தேவையான விசை) கால்பங்கு மட்டுமே உள்ள வில்லை எடுத்து, மூடிய நிலையிலேயே 8 மில்லிமீட்டர் விரித்து மாட்டுங்கள். மூடிய நிலையில் அதே விசைதான். அதே துணியை வைத்தால் 8 என்பது 11 ஆகும், விசை சுமார் 1.4 மடங்கோடு நின்றுவிடும். மெல்லிய துணிக்கும் தடித்த துணிக்கும் பிடி ஏறக்குறைய ஒன்றாகிறது.

வில்லின் கையை நீளமாக்கினாலே விறைப்பு வேகமாகக் குறையும், நீளத்தின் முப்படிக்கு (நீளம் × நீளம் × நீளம்) எதிர்விகிதத்தில். தோராயமாக 1.6 மடங்கு நீட்டினால் கால்பங்கு வந்துவிடும். வளைவில் தகைவு கூடும் என்பதால் எஃகு நல்லதாக இருக்க வேண்டும். பட்டையின் தடிமனைத் தொடும்போது கவனம் தேவை. பத்தில் ஒரு பங்கு கூட்டினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறும்.

மூடிய நிலையிலேயே வில்லை விரித்து வைப்பதற்கு முன்விரிப்பு என்று சொல்லலாம். முன்சுமை என்று ஒருவர் எழுதியிருந்தார். அங்கே சுமை ஏதும் ஏறவில்லை, கை விரிந்து நிற்கிறது. முன்விரிப்பு என்றால் பட்டறையில் வேலை செய்பவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று உடனே புரியும்.

> உலோகமே இல்லாமல் முழுக்கப் பிளாஸ்டிக்கில் கிளிப் வந்துவிட்டதே, மறுசுழற்சிக்கு அதுதானே நல்லது?

பிரித்தெடுக்கும் வேலை இல்லை என்ற வகையில் நல்லதுதான். ஆனால் பிளாஸ்டிக்கைத் தொடர்ந்து விரித்தே வைத்திருந்தால் நாளாக ஆகப் பிடி விட்டுப்போகும். இதற்கு ஊர்தல் என்று எங்கோ மொழிபெயர்த்திருந்தார்கள், படித்தால் ஒன்றும் விளங்கவில்லை. கயிற்றுக் கட்டில் தொய்கிறது என்று நாம் சொல்கிறோமே, அந்தத் தொய்வு போதும்.

ஆகத் தம்பி அறிக்கையின் முதல் வரியை இப்படி எழுதலாம்: 'கவ்வி மாட்டிக்கான நாக்கு வைத்த லாடவில்: நீண்ட கைகளும் கூடுதல் முன்விரிப்பும் கொண்ட வடிவமைப்பு'. பக்கத்தில் ஒரு படம் இருந்தால் வேறு விளக்கமே தேவைப்படாது. ஹேங்கருக்கு மாட்டி என்பதில் யாருக்கும் மறுப்பு இருப்பதாகத் தெரியவில்லை. பேச்சில் ஹேங்கர் என்றே சொல்லுங்கள், அதனால் எதுவும் குறையாது.

லாடவில்லையும் முன்விரிப்பையும் நம் பட்டியலில் சேர்க்கலாமா என்று குழுவினர் சொல்ல வேண்டும். நாக்கா கொண்டியா என்பதில் மட்டும், பட்டறையில் நேரடியாக வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால், உங்கள் ஊரில் இந்த மாதிரி வெட்டி நிமிர்த்திய துண்டை என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். நீங்கள் சொல்லும் சொல் வேறாக இருந்தால் அதையே வைத்துக்கொள்வோம்.