பொருள்: ஸ்லைடு, ஸ்லைடு டெக், ஸ்லைடு மாஸ்டர் - தமிழில்? (அவசரம்)

செ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

ஸ்லைடு தயாரிக்க உதவும் மென்பொருள்கள் பற்றி ஆசிரியர்களுக்கான ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். இம்ப்ரெஸ், பவர்பாயின்ட், கூகுள் ஸ்லைட்ஸ், கேன்வா, பீமர், ரிவீல்.ஜேஎஸ், மார்ப் என்று எல்லாவற்றையும் தொட்டுப் போகிறது. எது இணையம் இல்லாமல் ஓடும், எது காசு கேட்கும், உரிமச் சிக்கல் இல்லாத படங்களை எங்கே தேடலாம் என்பதும் உண்டு. நாளை மாலைக்குள் கோப்பு போயாக வேண்டும்.

டெம்ப்ளேட்டுக்கு வார்ப்புரு, அனிமேஷனுக்கு அசைவூட்டம் என்று போட்டாயிற்று. மாட்டிக்கொண்டவை ஸ்லைடு, ஸ்லைடு டெக் (ஒரு காட்சிக்கான ஸ்லைடுகள் எல்லாம் சேர்ந்தது), ஸ்லைடு மாஸ்டர் (எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான அமைப்பை வைத்திருக்கும் மூலப் பக்கம்). வில்லை, படவில்லை, நழுவம், சில்லு எல்லாமே புழக்கத்தில் கண்ணில் படுகின்றன. ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.

பே. எழுதியது:

தயவுசெய்து வில்லை வேண்டாம். நான் இயற்பியல் எடுப்பவள். "மூன்றாவது வில்லையில் உள்ள குவிவில்லையின் குவியத்தைப் பாருங்கள்" என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஜன்னல் வழியாக ஓடிவிடுவார்கள். சில்லும் அப்படித்தான், பக்கத்து வகுப்பில் அது சிலிக்கன் சில்லு.

அ. எழுதியது:

அம்மா செ., நழுவம் என்பது ஆக்கமே சரியில்லை. தழுவு - தழுவல், பரவு - பரவல். வுகரத்தில் முடியும் வினையடிகள் பெரும்பாலும் அல் விகுதியைத்தான் நாடும். ஓட்டம், ஆட்டம், நோக்கம் போன்றவற்றைப் பார்த்து அம்மை இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். போட்டே தீர வேண்டும் என்றால் நழுவல் என்று போடுங்கள். அதுவும் பொருளால் இடறும். நழுவுவது தானாகக் கைவிட்டுப் போவது. இங்கே ஒருவர் வேண்டுமென்றே தள்ளுகிறார்.

நம்மிடம் ஏடு இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு? ஒவ்வொன்றும் ஓர் ஏடு, எல்லாம் சேர்ந்தால் சுவடி, மாஸ்டர் மூல ஏடு. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! ஓலை ஏடும் அகலம் மிகுந்து உயரம் குறைந்ததுதான், இன்றைய திரையைப் போல. சுவடு என்றால் இணை. இணைத்துச் சேர்த்தது சுவடி. சுவடியில் இரண்டு துளை இடுவார்கள். ஒன்றில் கயிறு போகும், மற்றதில் ஏடுகள் நகராமல் இருக்க ஒரு கம்பியைச் செருகுவார்கள். அதன் பெயர் நாராசம். கயிற்றின் நுனியில் முடிவது கிளிமூக்கு. ஸ்லைடுகளின் வரிசை கலையாமல் பூட்டிவைக்கும் வசதிக்கு நாராசம் என்றே பெயர் வைக்கலாம்.

கோ. எழுதியது:

ஐயா, நாராசம் என்றதும் எனக்குக் காதில் காய்ச்சி ஊற்றுவதுதான் நினைவுக்கு வருகிறது. சில பேச்சாளர்களுக்குப் பொருந்தும்.

நிரலாளர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. "புதிய ஏடு" என்று பொத்தானில் போட்டால் யாருக்கும் புரியாது. ஆங்கிலப் பெயரே ஒரு பழைய மிச்சம்தான். மாய விளக்கு என்ற பழைய படம் வீழ்த்தும் கருவியில் படம் வரைந்த கண்ணாடித் தகட்டைப் பக்கவாட்டில் தள்ளிச் செருகுவார்கள், அதிலிருந்து வந்த பெயர். பிறகு 35 மி.மீ. பிலிம் துண்டுக்கு ஒட்டிக்கொண்டது. 1987இல் ராபர்ட் கேஸ்கின்ஸும் டென்னிஸ் ஆஸ்டினும் மெக்கின்டாஷுக்காகச் செய்த முதல் பவர்பாயின்ட் கறுப்பு வெள்ளையில், புரொஜெக்டரில் வைக்கும் ஒளிபுகும் தாள்களுக்குத்தான் பக்கம் தயாரித்தது. அதற்கு முதலில் வைத்த பெயரும் ப்ரெசென்டர். கோடக் நிறுவனம் ஸ்லைடு புரொஜெக்டர் செய்வதை 2004இல் நிறுத்தியே விட்டது. தள்ளுகிற பொருளே போன பிறகு நழுவுமா தள்ளுமா என்று நாம் சண்டை போடுகிறோம். ஸ்லைடு என்றே வையுங்கள்.

த. எழுதியது:

ஸகரத்தில் ஒரு சொல்லைத் தொடங்கி அதைத் தமிழ்க் கையேடு என்று அச்சிடுவதா? வடசொல்லையே எழுத்து மாற்றி எடுக்கச் சொன்ன இலக்கணம் நம்முடையது. எடுப்பதென்றால் சிலைடு என்று எடுங்கள்.

(பழையன கழிதலும் நூற்பாவை யாரும் எடுத்துப் போட வேண்டாம். எனக்கும் தெரியும்.)

கோ. எழுதியது:

சிலைடு என்றால் சிலேடைக்குத் தம்பி மாதிரி இருக்கிறது.

ஈ. எழுதியது:

எங்கட பக்கம் பள்ளிப் பாடத்தில படவில்லை, நிகழ்த்துகை எண்டுதான் படிச்சனாங்கள். ஒருத்தரும் லென்சோட குழப்பினதில்லை, முன்னுக்கு 'பட' நிற்குதுதானே. ஏற்கெனவே பிள்ளைகள் எழுதிப் பழகின சொல்லை விட்டுட்டுப் புதுசா ஒண்டு ஏன்?

பே. எழுதியது:

படவில்லை எனக்குச் சரி. குவிவில்லைப் பிரச்சினை தீர்ந்தது.

அ. எழுதியது:

வெறும் எழுத்து மட்டும் இருந்தால்? படமே இல்லாத படவில்லையா?

கோ. எழுதியது:

அதைவிடப் பெரிய வில்லங்கம் இருக்கிறது. "படவில்லை" எதிர்மறை வினைமுற்றும்தான். கடைசி வரிசைக்கு அந்தப் படவில்லை கண்ணில் படவில்லை. நான் எழுத வேண்டிய பிழைச்செய்தி இது: "படவில்லை திறக்கப்படவில்லை." சோதித்துப் பார்ப்பவர் ஒரே சொல் இரண்டு முறை வந்துவிட்டது என்று வழுப் பதிவார்.

ஈ. எழுதியது:

அப்ப "திறக்க முடியவில்லை" எண்டு போடுங்கோ.

கோ. எழுதியது:

அதிலும் வில்லை இருக்கிறது, அண்ணே.

செ. எழுதியது:

சிரித்து முடித்தேன். ஆனால் கடிகாரம் ஓடுகிறது. இடையில் வேறொரு சந்தேகம். கையேட்டில் வரும் வார்ப்புரு ஒன்றில் தமிழை இட்டுப் பார்த்தேன், மேல்வரி 'ழு'வின் கால் கீழ்வரி 'கீ'யின் சுழியில் போய் இடிக்கிறது. வேறொரு கணினியில் திறந்தால் எழுத்தெல்லாம் பெட்டியை விட்டு வெளியே வழிகிறது. இதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

கோ. எழுதியது:

முடியும். அந்த வார்ப்புருக்கள் ரோமன் எழுத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. வரி இடைவெளி 0.9 என்று நெருக்கியிருப்பார்கள். மாஸ்டருக்குள் போய் 1.2 அளவுக்குத் தளர்த்துங்கள், எல்லாப் பக்கத்துக்கும் ஒரேயடியாக மாறும். ஒவ்வொரு பக்கமாக மாற்ற உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

வழிவதற்குக் காரணம் எழுத்துரு. உங்கள் கணினியில் இருந்தது அங்கே இல்லை, அது வேறொன்றைப் பிடித்துப் போட்டிருக்கிறது. இம்ப்ரெஸில் கோப்பு, பண்புகள், எழுத்துரு என்று போனால் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிக்கும் தெரிவு உண்டு. பவர்பாயின்டில் சேமிப்பு அமைப்புகளுக்குள் இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன் போன்றவை திறந்த உரிமம் என்பதால் பொதிப்பதில் வம்பில்லை. என்ன செய்தாலும் கையோடு ஒரு பிடிஎஃப் படியும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அசைவூட்டம் போகும், எழுத்து போகாது.

பீமர் பகுதியில் இன்னொன்று சேருங்கள். அது லேடெக் என்ற அச்சுக்கோப்பு முறைக்குள் ஓடுவது. பிடிஎஃப் ஆக்கித் தரும் வழக்கமான நிரலான பிடிஎஃப்லேடெக் தமிழுக்கு உதவாது, ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் வேண்டும். மார்ப் மென்பொருளில் இந்தத் தொல்லை குறைவு. வெறும் உரைக்கோப்பு, மூன்று சிறுகோடு போட்டால் அடுத்த ஸ்லைடு. (பீமர் என்றால் ஜெர்மானியர்களுக்குப் படம் வீழ்த்தும் கருவி. அவர்களும் இரவல் சொல்லை இழுத்துத் தமக்கு வேண்டியபடி வளைத்திருக்கிறார்கள், த. கவனிக்க.)

த. எழுதியது:

கவனித்தேன். ஜெர்மானியர் கெட்டால் நாமும் கெட வேண்டுமா?

செ. எழுதியது:

வரி இடைவெளி, எழுத்துரு இரண்டையும் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சேர்த்துவிட்டேன். மூலத்தில் இதைப் பற்றி மூச்சே இல்லை.

சொல்லுக்கு வருவோம். படவில்லை என்று போகிறேன். பே., ஈ. இருவரும் ஆதரவு, கோ. அரை மனது. முதல் முறை வரும் இடத்தில் "ஸ்லைடு எனப்படும் படவில்லை" என்று ஒரே ஒரு தடவை. டெக் - படவில்லைத் தொகுப்பு. மாஸ்டர் - முதன்மைப் படவில்லை. எதிர்மறை வினை பக்கத்தில் வரும் வாக்கியங்களைத் தேடித் தேடி உடைத்து எழுதிக்கொள்கிறேன்.

அ. எழுதியது:

தொகுப்பு வேண்டாம் அம்மா. எடிட்டிங்கையும் தொகுப்பு என்கிறோம். "தொகுப்பைத் தொகு" என்று ஒரு கட்டளை வந்து நிற்கப் போகிறது. சுவடி மூன்றே குறில். எங்கே இடிக்கிறது?

கோ. எழுதியது:

"சுவடியைப் பதிவிறக்கு." சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. டெக்குக்கு மட்டும் சுவடி என்றால் என் வாக்கு உண்டு.

பே. எழுதியது:

நூலகத்தில் ஓலைச்சுவடி மின்னாக்கம் செய்கிறவர்கள் அதற்கும் ஸ்லைடுகாட்சி தயாரிப்பார்களே. சுவடி பற்றிய சுவடி?

செ. எழுதியது:

தொகுப்பு என்றே அனுப்பிவிட்டேன். அடுத்த பதிப்புக்குச் சுவடியைக் குறித்து வைத்திருக்கிறேன், ஐயா.

த. எழுதியது:

என் மறுப்பையும் சேர்த்துக் குறியுங்கள். முதல் பக்கத்திலேயே ஸ்லைடு நிற்கிறது.