புதுப்பிப்பு: ஒடுக்கமான ஸ்லாப் செரிஃப் பற்றி எழுதியதில் ஒரு திருத்தம்

இயந்திரக் கண்காட்சி ஒன்றின் ஆங்கிலச் சுவரொட்டிக்கு, கால்களில் தட்டையான தடித்த பட்டைகள் (ஸ்லாப் செரிஃப்) கொண்ட ஒடுக்கமான எழுத்துருவைத் தேடுவதாகப் போன வாரம் இங்கே எழுதியிருந்தேன். கிளாரண்டன் என்ற ஸ்லாப் செரிஃப் எழுத்துரு சுவரொட்டிகளுக்காகவே பிறந்தது என்றும் அதில் சொல்லியிருந்தேன். அது தவறு. 1845-இல் லண்டன் ஃபேன் ஸ்ட்ரீட் அச்செழுத்து வார்ப்பகத்தில் ராபர்ட் பெஸ்லி அதை வெளியிட்டபோது, சாதாரண எழுத்துகளுக்கு நடுவே ஒரு சொல்லை அழுத்திக் காட்டும் தடித்த எழுத்தாகத்தான் அது பயன்பட்டது. அகராதியின் தலைச்சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுவரொட்டிக்கு அதை இழுத்து வந்தவர்கள் மர அச்செழுத்துக்காரர்கள். பெரிய ஈய எழுத்துக்கு எடையும் அதிகம், விலையும் அதிகம். 1827-இல் நியூயார்க்கின் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்துகளை இயந்திரத்தால் குடையத் தொடங்கினார். 1834-இல் வில்லியம் லெவன்வொர்த் அதோடு பான்டோகிராஃபை (ஒரு வடிவத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ படியெடுக்கும் கருவி) இணைத்ததும், ஒரே மாதிரியிலிருந்து பல அளவுகளில் எழுத்துகளைக் குடைய முடிந்தது. தாளின் அகலம் மாறாது. எழுத்தை நெருக்கினால்தான் உயரமாக வைக்கலாம். ஒடுக்கமான ஸ்லாப் செரிஃபின் தொழிற்சாலைத் தோற்றம் அங்கிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

சரி, என் சுவரொட்டி. ஒடுக்கமான ஸ்லாப் செரிஃப் தலைப்பில் அற்புதமாக நிற்கிறது. ஆனால் தேதி, முகவரியைச் சிறிய அளவில் அதிலேயே வைத்தபோது a, e எழுத்துகளின் உள்வெளி அடைத்துக்கொண்டது. அவற்றைச் செரிஃப் இல்லாத எழுத்துருவுக்கு மாற்றிவிட்டேன். தலைப்பில் எழுத்திடைவெளியைக் கொஞ்சம் கூட்டினேன். பட்டைகள் ஒன்றோடொன்று முட்டாமல் இப்போது மூச்சுவிடுகின்றன.