இங்கே எல்லாரும் மாதாமாதம் கிரெடிட் கார்டை முழுதாக அடைக்கிறார்களா?

ஜோபர்க்குப் புதியவன்:
எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவுக்கு, ஜோகன்னஸ்பர்க் வந்து ஏழு மாதம் ஆகிறது. கார்டு பாக்கி 38,000 ராண்ட் என்று வங்கியிலிருந்து வந்திருக்கிறது. ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறேன், ஆனால் தொகை குறைந்தபாடில்லை. நேற்று இரவு மனைவிக்குத் தெரிந்துவிட்டது; வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. ஜனவரியில் மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். இங்குள்ள குடும்பங்கள் மாதாமாதம் முழுதாக அடைக்கின்றனவா, இல்லை எல்லாரும் இப்படித்தான் இழுத்துக்கொண்டு போகிறார்களா? இன்றைக்குள் யாராவது சொல்லுங்கள்.

லெனேஷியா பெரியவர்:
தம்பி, கார்டு எதற்கு வாங்கினீர்கள்? நான் 2008-இல் வந்தேன். மின்வெட்டு நாட்டையே ஆட்டிவைத்த வருடம் அது. இரண்டு பெட்டி, ஒரு குக்கர், தரையில் ஒரு போர்வை. மின்சார அடுப்பில் சோறு பாதி வேகும்போது விளக்கும் அடுப்பும் சேர்ந்து அணையும். அரைவேக்காட்டுச் சோற்றில் ஊறுகாயைப் பிசைந்து தின்றேனே தவிர, யாரிடமும் பத்து ராண்ட் கடன் வாங்கவில்லை.

மிட்ராண்ட் வாசி:
பெரியவர் பயமுறுத்துகிறார். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும். நான் ஆறு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன். வரம்பை உயர்த்தட்டுமா என்று வங்கியே கேட்கிறது.

கேப் டவுன் தம்பி:
கேட்காமல் என்ன செய்வார்கள் அண்ணா? பொன் முட்டையிடும் வாத்தைப் பட்டினி போடுவார்களா?

டர்பன் மருமகள்:
கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லையே. நான் மதுரையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். சாட்ஸ்வொர்த்தில் பிறந்த என் மாமியாருக்குக் கார்டே கிடையாது. ஆனால் மூன்று துணிக்கடைகளில் கணக்கு உண்டு, போதாததற்குத் தீபாவளிப் புடவைக்கு லே-பை வேறு, அதாவது தவணை கட்டி முடித்த பிறகே புடவை கைக்கு வரும். நாத்தனார் சம்பளம் வந்த அன்றே கார்டை முழுதாக அடைப்பார், அடுத்த வாரமே அதிலிருந்து எடுப்பார். இதில் யாரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கேப் டவுன் தம்பி:
அடைக்கப் பணம் மிஞ்சினால்தானே? வாடகைக்கே பாதிச் சம்பளம். என் முந்தைய வீட்டுக்காரர் இரண்டு மாத டெபாசிட்டை விழுங்கிவிட்டார்.

டர்பன் மருமகள்:
1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அதை வட்டி வரும் கணக்கில் போட்டுவைத்து, வட்டியோடு திருப்பித் தர வேண்டும்.

கேப் டவுன் தம்பி:
சட்டம் இருக்கிறது அக்கா. ஆளைத்தான் காணவில்லை.

மிட்ராண்ட் வாசி:
டெபாசிட்டை விடுங்கள், முருங்கைக்காய் விற்கிற விலையைப் பார்த்தீர்களா?

கடன் பிரிவில் இருந்தவன்:
முருங்கைக்காயை இன்னொரு நாள் பேசலாம். புதியவரே, மூன்று விஷயம் சொல்லுங்கள். ஏடிஎம்மில் கார்டு போட்டுப் பணம் எடுத்தீர்களா? கடையில் ஸ்ட்ரெய்ட்டா பட்ஜெட்டா என்று கேட்டபோது என்ன சொன்னீர்கள்? உங்கள் கணக்கிலிருந்து கார்டுக்காகத் தானாகப் பிடிக்கும் தொகை எவ்வளவு?

ஜோபர்க்குப் புதியவன்:
வீட்டு டெபாசிட்டுக்காக மூன்று தடவையாக 18,000 எடுத்தேன். பட்ஜெட் என்றால் சிக்கனம் என்று நினைத்து, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் எல்லாவற்றுக்கும் பட்ஜெட் என்றே சொன்னேன். தானாகப் பிடிப்பது முழுத் தொகை என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். இப்போது திறந்து பார்த்தால் குறைந்தபட்சம் என்று இருக்கிறது.

கடன் பிரிவில் இருந்தவன்:
அங்கேதான் முடிச்சு. 55 நாள் வரை வட்டியில்லை என்று சொல்வது, ஸ்ட்ரெய்ட்டாக, அதாவது தவணை போடாமல் வாங்கி, பாக்கியை முழுதாக அடைப்பவருக்கு. ஏடிஎம்மில் எடுத்ததற்கு அன்றைக்கே வட்டி தொடங்கிவிடும். பட்ஜெட் என்பது வட்டியோடு கூடிய மாதத் தவணை. இந்த வகைக் கடனுக்கு சட்டப்படி வட்டி உச்சம், இந்நாட்டு ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதத்துக்கு மேல் 14 சதவீதம். 2023 மே மாதம் ரெப்போ 8.25 ஆனபோது அது 22.25-ஐத் தொட்டது. உங்களுக்கு 20 என்று வைத்தாலும் 38,000-க்கு மாதம் 633 ராண்ட் வட்டி. குறைந்தபட்சம் 5 சதவீதம் என்றால் 1,900 கட்டுகிறீர்கள், அசலில் கழிவது 1,267தான். அதற்குள் மளிகையையும் அதே கார்டில் வாங்கினால் எப்படிக் குறையும்?

மிட்ராண்ட் வாசி:
அப்படியானால் உடனே கடன் ஆலோசகரிடம் போகட்டும், மாதத் தொகையைக் குறைத்துத் தருவார்.

கடன் பிரிவில் இருந்தவன்:
வேலையும் சம்பளமும் இருப்பவருக்கு இப்போது அது வேண்டாம். அதில் நுழைந்தால் வெளியே வரும்வரை புதுக்கடன் எதுவும் கிடைக்காது, கடன் வரலாற்றிலும் பதிவாகும். உண்மையிலேயே கட்ட முடியாதவர்களுக்காக வைத்த வழி அது. நாளைக்கே வங்கிக்குப் போய்த் தானாகப் பிடிக்கும் தொகையை உயர்த்துங்கள். சம்பளம் 25-ஆம் தேதி வருகிறதென்றால், பிடிக்கும் நாளை அதற்கு மறுநாளாக மாற்றித் தரச் சொல்லுங்கள். மளிகைக்கு டெபிட் கார்டு போதும், கிரெடிட் கார்டு அலமாரியில் கிடக்கட்டும். பல பள்ளிகள் கட்டணத்தை மாதத் தவணையாக வாங்கிக்கொள்கின்றன, சேர்க்கும்போதே கேளுங்கள். ஊரில் வங்கியில் நிரந்தர வைப்பு ஏதாவது இருக்கிறதா?

ஜோபர்க்குப் புதியவன்:
இருக்கிறது. சுமார் 25,000 ராண்ட் வரும். மார்ச்சில்தான் முதிர்கிறது. முன்னாலேயே எடுத்தால் அபராதம் பிடிப்பார்களே?

கடன் பிரிவில் இருந்தவன்:
வட்டியில் ஒரு சதவீதம்போலக் குறைப்பார்கள். அங்கே ஏழு சதவீதம் வாங்கிக்கொண்டு இங்கே இருபது கட்டுவது என்ன கணக்கு? உடைத்து எடுங்கள்.

லெனேஷியா பெரியவர்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

ஜோபர்க்குப் புதியவன்:
அண்ணனுக்கு நன்றி. மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டார். பட்ஜெட் கதை வந்த இடத்தில் சிரித்தார். வங்கிக்குத் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்; அங்கே நான் வாயைத் திறக்கக் கூடாதாம்.