9-வது வாரம்: மதியச் சாப்பாடு வயிற்றில் தங்கவே மாட்டேன் என்கிறது

முதல் கர்ப்பம், 9-வது வாரம் நடக்கிறது. செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். 6-வது வாரத்தில் ஆரம்பித்த மசக்கை இன்னும் விட்டபாடில்லை. எல்லோரும் காலையில்தான் குமட்டும் என்கிறார்கள்; எனக்கு மதியம்தான் மோசம். சோறு வடிக்கிற வாசனை, கடுகு தாளிக்கிற வாசனை எதுவும் ஆகவில்லை. பக்கத்து மேசையில் சாம்பார் டப்பாவைத் திறந்தாலே எழுந்து ஓடவேண்டியிருக்கிறது.

எழுந்திருக்கும் முன் படுக்கையிலேயே ரஸ்க் சாப்பிடுகிறேன், அது பத்து மணி வரை தாங்குகிறது. ரயிலில் எலுமிச்சம்பழம் கையில் இருந்தால் போதும். வாந்திக்கு டாக்டர் டாக்சிலமைனும் வைட்டமின் பி6-ம் சேர்ந்த மாத்திரையை இரவில் போடச் சொன்னார். வாந்தி குறைந்தது, ஆனால் மறுநாள் கண்ணைச் சொருகுகிறது. போலிக் அமில மாத்திரையையும் இரவுக்கு மாற்றியாயிற்று. ஸ்கேனில் குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது. குடிக்கிற தண்ணீர் வயிற்றில் தங்குகிறது, சிறுநீரில் கீட்டோன் (சாப்பாடு போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வருவது) இல்லை, அதனால் டிரிப்ஸ் வேண்டாம் என்றார்.

அத்தை மாங்காயும் புளிசாதமுமாகக் கட்டித் தருகிறார். நாக்கு கேட்கிறது, அப்புறம் நெஞ்சு எரிகிறது. தயிர்சாதம் கொஞ்ச நாள் கைகொடுத்தது, இப்போது அதைப் பார்த்தாலே வெறுப்பு. ஆபீசில் சூடாக்க வசதி கிடையாது, விஷயத்தை அங்கே இன்னும் சொல்லவும் இல்லை.

வாசனை அதிகம் வராமல், ஆறினாலும் சாப்பிடமுடிகிற மாதிரி மதியத்துக்கு நீங்கள் என்ன கட்டிக்கொண்டு போனீர்கள்?