பொம்மை பெயின்ட்டில் ஈயம் இருக்குமா? எங்கே சோதிக்கலாம்?

வணக்கம், நாங்க கோத்தகிரி. சீசன்ல ஊட்டி ரோட்டோரக் கடையில வாங்கின மர ரயில், நம்ம மலை ரயில் மாதிரியே நீலமும் கிரீமும் அடிச்சது. பாப்பாவுக்குப் பல் முளைக்குது, எந்நேரமும் அது வாயிலதான். இப்போ சக்கரத்துப் பக்கம் பெயின்ட் செதில் செதிலா உரியுது, அடியில பளீர்னு மஞ்சள்.

ஐஎஸ்ஐ முத்திரை இல்லை. 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்கள் மாதிரி சிலருக்குத்தான் விலக்கு. வீட்டுச் சுவர் பெயின்ட்டுக்கே ஈயம் 90 பிபிஎம்தான் (பத்து லட்சத்துல 90 பங்கு) உச்சவரம்பு!

ரயிலை ஒளிச்சு வச்சாச்சு, அழுகைதான் ஓயலை. குன்னூர், மேட்டுப்பாளையம், கோவைப் பக்கம் ரத்தத்துல ஈய அளவு பார்க்கிற லேப் எது? பொம்மையையும் சோதிச்சுத் தருவாங்களா, எவ்வளவு ஆகும்? பார்த்தவங்க சொல்லுங்க. "நாமெல்லாம் கடிச்சு வளரலையா"ன்னு மட்டும் வேண்டாம், அதை எங்க அத்தையே சொல்லிட்டாங்க.