வீடு கட்டுகிறோம்: கல்லும் மணலும் எங்கிருந்து வருகிறது என்று யாரிடம் கேட்பது?

பாளை வாசி (கேள்வி)

பாளையங்கோட்டையில் 1,200 சதுர அடியில் வீடு கட்டப் போகிறோம். ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. காண்ட்ராக்டர் நல்ல மனிதர்தான், சொந்தத்தில் இரண்டு வீடு அவர் கட்டியது. ஆனால் எம்-சாண்ட் (கல்லை உடைத்து அரைத்த மணல்) எந்தக் குவாரியிலிருந்து வரும் என்று கேட்டதும், "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி, லோடு தரமா இருக்கான்னு மட்டும் பாருங்க" என்று பேச்சை முடித்துவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் ராத்திரி நேரம் பாறை சரிந்து ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள், நான்கு பேர் போய்விட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம்கூட இல்லை. அடுத்த வருஷம் டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, இங்கே ஜங்ஷன் முழுக்கத் தண்ணீர். வானிலை இப்படி மாறுவதில் கட்டுமானத் தொழிலுக்கும் பங்கு இருக்கிறது என்கிறார்கள். சரி, என் வீட்டுக்காக யாருடைய ஊர் தோண்டப்படுகிறது, யார் முதுகு ஒடிகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா இல்லையா? ஒப்பந்தத்தில் என்ன எழுதச் சொல்லலாம்?

சைட் என்ஜினியர், தாழையூத்து

உரிமை இருக்கிறது அண்ணாச்சி, காசு உங்களுடையது. சிமெண்டிலிருந்து தொடங்குங்கள். சதுர அடிக்குச் சுமார் 0.4 மூட்டை என்று நாங்கள் கணக்குப் போடுவோம், அப்படிப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு 480 மூட்டை, 24 டன். சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுடும்போது அந்தக் கல்லுக்குள் இருக்கிற கரியமில வாயுவே வெளியேறிவிடும், எரிக்கிற நிலக்கரியின் புகை அதற்கு மேல். அதனால் ஓபிசி, அதாவது சாம்பல் கலக்காத சாதாரண சிமெண்ட் என்றால், டன்னுக்குச் சுமார் 800 கிலோ வாயு வெளியாகும். உலகம் முழுக்க வெளியாகும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்டிலிருந்து மட்டும் வருகிறது. எங்கள் ஊரில் 1949-இலிருந்து ஆலை ஓடுகிறது, அதை வைத்துத்தான் பல குடும்பம் பிழைத்தது. ஆலையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், தேவையில்லாமல் ஒரு மூட்டைகூடப் பிரிக்கக் கூடாது என்பேன்.

பிபிசி சிமெண்ட் கேளுங்கள், அதில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் கலந்திருக்கும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூத்துக்குடியிலேயே கிடக்கிறது. ஆனால் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, பிபிசி மெதுவாகத்தான் இறுகும், பத்து நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும், அவசரப்பட்டால் வெடிப்பு விடும், அப்புறம் சிமெண்டைக் குறை சொல்வார்கள். இன்னொன்று, ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரிடம் தனியாக டிராயிங் வாங்கிவிடுங்கள். டிராயிங் இல்லாத சைட்டில் மேஸ்திரி பயத்துக்கு ஒரு பில்லர் கூட்டுவார், காண்ட்ராக்டர் பயத்துக்கு ஒரு கம்பி கூட்டுவார். எலிவேஷனுக்கென்று முகப்பில் தொங்கவிடும் காங்கிரீட் சட்டங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது, எடுத்துவிடுங்கள்.

ராதாபுரம் பக்கத்து ஊர்க்காரன்

நான் குவாரிக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். மத்தியானம் வெடி வைத்தால் எங்கள் வீட்டுப் பாத்திரம் அலமாரியில் ஆடும். பட்டாசல் (முன்கூடம்) சுவரில் குறுக்கே ஓடிய வெடிப்பை மூன்று தடவை பூசிவிட்டோம், மறுபடியும் அதே இடத்தில் விடுகிறது. முருங்கை இலையைக் கழுவாமல் பறிக்க முடியாது. ராத்திரி கேரளாவுக்குப் போகிற லாரிகளின் சத்தத்தில் அம்மா தூங்கி வருஷக்கணக்காகிறது. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்கு அனுமதி கூடாது என்று தமிழ்நாட்டு விதியிலேயே இருக்கிறது. மனுக் கொடுத்தோம், டேப்பைப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு ஐயா உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தானே நின்று வாதாடி, 2010-இல் தடை வாங்கினார். ஆறு கொஞ்சம் மூச்சு விட்டது. அந்தச் சுமை இப்போது மலைப் பக்கம் திரும்பியிருக்கிறது. எம்-சாண்ட் என்றால் ஆற்றுக்கு நல்லது என்று எழுதுகிறவர்கள் எங்கள் ஊருக்கு ஒரு தடவை வாருங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது நடைச்சீட்டு, அதாவது குவாரியிலிருந்து வண்டியோடு வருகிற அனுமதிச் சீட்டு. எந்தக் குவாரி, எந்த வண்டி, எவ்வளவு லோடு, எந்த நேரம் என்று அதில் இருக்கும். சீட்டில் இருக்கிற அளவும் வண்டியில் இருக்கிற அளவும் ஒன்றா என்று பாருங்கள். சீட்டு இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். பத்து வீட்டுக்காரர் அப்படித் திருப்பினால் எங்கள் ஊருக்குத் தெரிந்துவிடும்.

சித்தாள் மகள்

கல்லையும் மணலையும் பேசுகிறீர்கள், அதைத் தூக்குகிற ஆளையும் பேசுங்கள். எங்கம்மா இருபது வருஷம் சட்டி சுமந்தாள். ஒரு சைட்டில் சாரம் சரிந்து விழுந்து இடுப்பு போனது. கூட்டிப்போனவர் ஆட்டோக் காசும் இரண்டு நாள் சம்பளமும் கொடுத்தார். வாரிய அட்டை எடுக்க வேண்டும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இலிருந்தே இருக்கிறது, விபத்துக்கு உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அதற்கென்று கட்டடச் செலவில் ஒரு சதவீதம் நல நிதி வாங்குகிறார்கள். பிளான் அப்ரூவலில் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு, நம் வேலை முடிந்தது என்று எல்லோரும் போய்விடுகிறார்கள். உங்கள் சைட்டில் நிற்கிற கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அட்டை இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். இல்லாவிட்டால் இணையத்தில் பதிந்து கொடுங்கள், ஆதாரும் போனும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அப்புறம், பெண்களுக்கு ஒரு கழிப்பறை. நாலு தகரமும் ஒரு கதவும்தான் செலவு. அம்மா சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமலே வேலை பார்ப்பாள்.

வண்ணார்பேட்டை

எல்லாம் சரி, ஆனால் வீட்டுக்காரர் தலையில் மட்டும் இதைக் கட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பங்குச்சந்தையில் இருக்கிற முதல் 1,000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல், தொழிலாளர் விவரம் எல்லாம் வருஷா வருஷம் அறிக்கையாகத் தர வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியது. பெரிய சிமெண்ட் கம்பெனி அதில் வரும், குவாரிக்காரரும் உள்ளூர் பில்டரும் வர மாட்டார்கள். பில்டரிடம் வீடு வாங்குகிறவர்களுக்கான ரெரா சட்டத்தில் கட்டடக் குறைபாட்டுக்கு ஐந்து வருஷப் பொறுப்பு இருக்கிறது, அது வாங்குகிறவருக்கான பாதுகாப்பு, குவாரி ஊருக்கு அதில் ஒன்றும் இல்லை. அதிகமாகக் கல் வாங்குவது சாலையும் பாலமும் போடுகிற அரசாங்கம். ஒவ்வொரு பில்லோடும் நடைச்சீட்டும் தொழிலாளர் பதிவும் இணைத்தால்தான் பணம் என்று டெண்டரிலேயே எழுத வேண்டும். அதைக் கேட்காமல் 1,200 சதுர அடிக்காரரைக் கேட்டால் குவாரி நிற்காது.

பாளை வாசி

எல்லோருக்கும் நன்றி. வண்ணார்பேட்டை அண்ணாச்சி சொல்வது சரிதான், ஆனால் டெண்டர் திருந்தும்வரை நான் வீடு கட்டாமல் இருக்கப் போவதில்லையே, என் கையில் இருப்பதைச் செய்கிறேன். நேற்று காண்ட்ராக்டரோடு உட்கார்ந்தேன். பிபிசி சிமெண்டும் பத்து நாள் தண்ணீரும் ஒத்துக்கொண்டார். முகப்புச் சட்டங்களை எடுத்தாயிற்று, என் வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். கழிப்பறை முதல் நாளே வந்துவிடும். நடைச்சீட்டு என்றதும்தான் தயங்கினார், "ராத்திரி வர்ற லோடுக்கு நான் எப்படிப் பொறுப்பு சொல்ல?" என்றார். அப்படியானால் ராத்திரி லோடு இறக்க வேண்டாம், நான் பகலில் இருக்கிறேன் என்று சொல்லி, அதையே ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொன்னேன். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார்.

சித்தாள் மகள், ஒரு உதவி. இங்கே வருகிற ஒரு அக்காவுக்கு ஆதாரில் இருக்கிற போன் நம்பர் இப்போது இல்லை. அதை மாற்றிய பிறகுதான் பதிய முடியுமா, இல்லை வேறு வழி இருக்கிறதா?